அம்மாவின் கொம்பியூட்டர்

12 நவம்பர் 2005, சனி

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார்: "எனக்கொரு கொம்பியூட்டர் வேணும்."

மீன் முள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, வெங்காயம் முடிந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அறுபத்து மூன்று வயது. நான் சிரித்துவிட்டேன்.

"ஏனம்மா?" என்று வாயை அசைத்தேன். சத்தம் போட்டுப் பயனில்லை. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் வேலிக்கு அப்பால் ஷெல் விழுந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இரண்டு காதும் கேட்காது. வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வார்.

"பேணாட்டோடை கதைக்க. அதில அவன்ர முகம் தெரியுமாம். இராசதுரையின்ர மனிசி கோயிலில சொன்னவ."

பேணாட் என் தம்பி. தொண்ணூற்றிரண்டில் நோர்வேக்குப் போனவன். பதின்மூன்று வருடமாக அவன் போனில் சொல்வதைக் கேட்டு நான் அம்மாவுக்குச் சொல்கிறேன். அம்மா சொல்வதை அவனுக்குச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

"பார்ப்பம்," என்றேன். பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

14 நவம்பர், திங்கள்

பாமசியில் இன்று இரண்டு முறை மருந்து மாற்றி எடுத்தேன். நல்ல காலம், கொடுக்கும் முன் பார்த்துவிட்டேன்.

19 நவம்பர், சனி

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்ஸார் நானாவின் கடைக்குப் போனேன். நான் வேலை செய்யும் பாமசியிலிருந்து நான்கு கடை தள்ளித்தான் அவருடைய கொம்பியூட்டர் கடை. காலையில் கதவு திறக்கும்போது கை காட்டுவார், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நான் நானா என்பேன், அவ்வளவுதான் பழக்கம்.

காது கேட்காது என்று நான் சொன்னதும் அவர் அம்மாவிடம் பெரிய சத்தமாகக் கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, கத்தாதையும்," என்றார் அம்மா. "எனக்கு நேரே நிண்டு மெல்லமா வாயைத் திறந்து கதையும். காணும்."

அந்த மனிதர் அதன் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் சுற்றி வந்து, அம்மாவின் முன்னால் நின்றுதான் பேசினார்.

முதலில் மடியில் வைக்கிற சின்னக் கொம்பியூட்டரைக் காட்டினார். அம்மா விரலை வைத்துப் பார்த்தார். "தட்டினால் தட்டின மாதிரி இல்லை," என்று தள்ளிவிட்டார். அம்மா மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தமிழ் டைப்பிஸ்ட். காது போன பிறகும் ஏழு வருடம் அங்கேதான் வேலை செய்தார். விசைப்பலகையின் சத்தம் இல்லாமல், விரலுக்கு வருகிற தட்டலை மட்டும் நம்பி.

பிறகு திரை. பெரியதா சிறியதா என்று நான் விலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா அன்ஸாரிடம், "ஆராவது கதைக்கிற படம் ஒண்டு போடும்," என்றார். அவர் தன் மருமகளின் கல்யாண சீடியைப் போட்டார். பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து பார்த்தார். இரண்டாவது திரைக்கு மாற்றச் சொன்னார். மூன்றாவதுக்கும்.

மூன்றாவதில் நிமிர்ந்து, "இது நல்லம்," என்றார். "அங்கை பச்சைச் சாறி உடுத்த மனிசி, புரியாணியில உப்புக் காணாதெண்டு சொல்லுறா."

அன்ஸாருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "அது எங்கட மாமி. அவ சொல்லித்தான் இருப்பா."

நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு. ஆனால் பிறகுதான் யோசித்தேன். அவ்வளவு தூரத்தில் நிற்கிற ஒருத்தியின் வாயை அம்மா வாசிக்கிறார் என்றால், பேணாட்டின் வாயை?

20 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வரிசையில் போகவில்லை, நன்மை எடுக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். என் டயரிக் கொப்பி, என் அலுமாரி, அதைப் பூட்டுகிற திறப்பும் என்னிடம்.

பேணாட்டுக்கு ஒரு மகள் இருக்கிறாள். லீனா. ஆறு வயது. தாய் நோர்வேக்காரி, ஹில்டே. கோயிலில் கல்யாணம் கட்டவில்லை. இது அம்மாவுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்தில், அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை அவன் போன் எடுத்தான். பிள்ளைக்கு அப்போது ஒரு வயது. "அக்கா, நீ அம்மாவுக்குப் பக்குவமாச் சொல்லு. எனக்குக் கடிதத்தில எழுதப் பயமாக் கிடக்கு." ஓம் என்றேன். அம்மா இருந்த நிலையில் சொல்ல ஏலவில்லை. அது உண்மை. இரண்டு மாதம் கழித்து அவன் கேட்டபோதும் சொல்லியிருக்கவில்லை. வெட்கத்தில், "சொன்னனான். அவ ஒண்டும் கதைக்கேல்லை," என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஒரே ஒரு பொய். அதன் பிறகு அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதை விட்டான். நத்தாருக்கு ஒரு கார்ட், மாதத்துக்கு ஒரு போன். அம்மா தன்னை ஏற்கவில்லை என்று அவன் நினைத்திருக்கிறான். மகன் தன்னை மறந்துவிட்டான் என்று அம்மா.

ஏன் பிறகாவது சொல்லவில்லை? அம்மா உடைந்துபோவார் என்றா? இல்லை. அவனுக்கு அங்கே எல்லாம் இருக்கிறது, எனக்கு அம்மா மட்டும்தானே, அது முழுதாக எனக்கே இருக்கட்டும் என்றா? எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இதுதான் உண்மைக்குக் கிட்ட.

26 நவம்பர், சனி

கமெரா இல்லாமல் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். எழுத்தில் மட்டும் என்றால் நான் பக்கத்தில் இருந்து சமாளிக்கலாம். "கமெரா இப்ப ஸ்டொக் இல்லையாம்," என்று வீட்டிலேயே அம்மாவுக்குச் சொல்லி வைத்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் அம்மா நேரே அன்ஸாரிடம் போய், "கமெரா எப்ப வரும்?" என்றார்.

"இருக்கே அம்மா," என்று மேசை லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார் அவர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தமிழுக்குப் பாமினி என்ற எழுத்துருவை ஏற்றித் தந்தார். பழைய டைப்ரைட்டரில் இருக்கிற இடங்களிலேயே எழுத்துகள் வரும் என்றார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைப் பாராமல், திரையையும் பாராமல், வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டு அடித்தார். ஒரு பக்கம் முழுக்க. "திருகோணமலை மாவட்டச் செயலகம்" என்று தொடங்கும் ஏதோ பழைய சுற்றறிக்கை, எட்டு வருடம் விரலில் கிடந்திருக்கிறது. ஒரு பிழை இல்லை. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

என் அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதவும் வேண்டும்.

3 டிசம்பர், சனி

கொம்பியூட்டர் வந்துவிட்டது. ஓட்டோவில் பெட்டிகளை அடுக்கி, நடுவில் அம்மா. சோதனைச் சாவடியில் இறக்கச் சொன்னார்கள். சிப்பாய் அம்மாவிடம் ஏதோ கேட்டான். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பயம். பின்னாலிருந்து நில் என்றால் அம்மாவுக்குக் கேட்காது. அதனால்தான் பதினைந்து வருடமாகத் தனியே வெளியே விட்டதில்லை.

"காது கேக்காது," என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் அம்மாவின் முன்னால் வந்து நின்று, பெட்டியைக் கையால் காட்டினான். திறந்தோம். பார்த்தான். பிறகு தானே மூடி, கயிற்றையும் தானே கட்டித் தந்தான். இருபது வயதிருக்கும். அவன் தாய்க்கு நல்லது நடக்கட்டும்.

4 டிசம்பர், ஞாயிறு

மேசையை எங்கே போடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று சொன்னார்:

"முந்தி நீ போனில கதைக்கேக்க எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிப்பாய். நீ சொல்லுறதை நானும் பாப்பன். அப்பா செத்த வருசத்தில இருந்து முதுகைக் காட்டுறாய். நான் செவிடு, பிள்ளை. குருடு இல்லை."

நான் மேசையின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னெண்டு நான் கேக்கேல்லை. நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தனான். இனி அவன்ர வாயைப் பாத்து நானே அறிஞ்சுகொள்ளுறன்."

கொம்பியூட்டர் எதற்கு என்று இப்போது விளங்குகிறது.

8 டிசம்பர், வியாழன்

அமலோற்பவ மாதா திருநாள். அன்ஸார் ஞாயிற்றுக்கிழமை வந்து இன்டர்நெட் லைன் போட்டுத் தருவாராம். இன்னும் மூன்று நாள்.

9 டிசம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வேலையால் வந்து அம்மாவின் முன் நின்றேன். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை அழுதேன். அழுகிற வாயை அம்மாவால் வாசிக்க ஏலாது. பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். அம்மா பக்கத்துக் கதிரையில். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன்.

பேனாட்டுக்கு ஒரு மகள்

"மூண்டு சுழி," என்றார் அம்மா. நான் விளங்காமல் பார்த்தேன். "பேணாட்டுக்கு மூண்டு சுழி ண வரும். திருத்து."

திருத்தினேன். மகள் இருக்கிறாள், ஆறு வயது, தாய் நோர்வேக்காரி, கோயிலில் கட்டவில்லை. அவன் சொல்லச் சொன்னவன். நான் சொல்லவில்லை. சொன்னதாக அவனுக்குப் பொய் சொன்னேன். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக வர, அம்மாவும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அரை மணித்தியாலம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் பிழை திருத்தவில்லை.

முடித்துக் கையை எடுத்தேன். அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பேச ஏலுமாயிருந்தும் அடித்தார்:

பிள்ளைக்கு என்ன பேர்?

லீனா என்று அடித்தேன். அம்மா எழுந்து குசினி அடுப்படிக்குப் போனார்.

10 டிசம்பர், சனி

அம்மா தேநீர் மட்டும் வைத்துவிட்டுப் போனார். சீனி போட்டிருந்தது.

11 டிசம்பர், ஞாயிறு

காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா நின்றார்.

"ஆறு வருசம். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு சட்டை தைக்கேல்லை."

"ஓம் அம்மா."

"எனக்குக் கோபம்தான். அது கிடக்கும். ஆனா ஷெல் விழுந்த நாளில என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினது நீ. அதுவும் கிடக்கும். ரெண்டையும் நான் வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழமையாகப் பிடிப்பது நான்தான்.

பின்னேரம் அன்ஸார் மோட்டார்சைக்கிளில் வந்தார். இங்கே ஆறு மணி, அங்கே மத்தியானம். போன் லைனோடு கொம்பியூட்டரைப் பொருத்தினார். கீச்சென்று கத்தியது. அம்மாவுக்குக் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சத்தம்?" என்றார். அன்ஸார் வாயால் அதைச் செய்து காட்டினார். அம்மா சிரித்தார்.

பேணாட்டின் முகம் வந்தது. தலை முன்பக்கம் வழுக்கை. அம்மா திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

ஆனால் படம் ஐந்தாறு செக்கனுக்கு ஒரு முறைதான் மாறுகிறது. வாயை வாசிக்க ஏலாது. மூன்று திரையைச் சோதித்து வாங்கியதற்கு இதுதான் பலன். அன்ஸாருக்கு முகம் செத்துப்போனது. "லைன் காணாது அம்மா, என்ன செய்யிறது." அம்மா, "பரவாயில்லை தம்பி, எனக்கு அடிக்கத் தெரியும்," என்று விசைப்பலகையை இழுத்தார். அன்ஸார் தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே போய் நின்றார். நல்ல மனிதர்.

அம்மா அடித்தார்: மகனே, உனக்கு மகள் இருக்கிறாள் என்று எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். அதற்கு முன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் உன்னோடு கோபமாக இருந்தது ஒரு நாளும் இல்லை. பிள்ளையைக் காட்டு.

நான் பின்னால் நின்றேன். படம் மாறியது: பேணாட் திரைக்குக் கிட்டக் குனிந்திருக்கிறான். மாறியது: முகத்தில் இரண்டு கை. மாறியது: வெறும் கதிரை. நெடுநேரம் வெறும் கதிரை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தக் கதிரையில் ஒரு சின்னப் பிள்ளை. மஞ்சள் தலைமயிர் இல்லை. எங்களைப் போலக் கறுப்பு, சுருள்.

அம்மா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அடுத்த படத்தில் பிள்ளையும் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

ஆண்டவரே, நன்றி. எனக்குத் தகுதியில்லை.

18 டிசம்பர், ஞாயிறு

பேணாட் அம்மாவுக்கு எழுதியது: அக்காவோடு நான் இனிக் கதைக்க மாட்டேன். அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் வேண்டாம்.

அம்மா அதை மறைக்கவில்லை. கூப்பிட்டு வாசிக்கக் காட்டினார். "அவன் சொன்னதை உனக்கு அப்படியே காட்டுறன். கூட்டிக் குறைச்சு நான் சொல்லமாட்டன்."

சரிதான்.

25 டிசம்பர்

நத்தார். கமெராவுக்குத் தெரியாத பக்கம், ஜன்னலடியில் கதிரை போட்டு இருந்தேன். லீனாவுக்குப் பல் விழுந்திருக்கிறது.

8 ஜனவரி 2006, ஞாயிறு

திரும்பச் சண்டை வரும் போல இருக்கிறது, டவுன் இறுகிவிட்டது. ஐந்தரைக்கே கடைகள் பூட்டு. இரவில் ஆயுதத்தோடு ஆட்களைத் தேடி வருகிறார்களாம். அம்மாவுக்கு வெளிச் செய்தி எல்லாம் இப்போது பேணாட் அனுப்புகிறான். பக்கத்துத் தெருவில் நடந்ததை நோர்வேயிலிருந்து அறிகிறார்.

19 பெப்ரவரி, ஞாயிறு

அம்மா என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரு சொல்லும் ஆகாத தமிழ் எழுத்துகள், ஒரு வரி முழுக்க. "இதென்ன பாசை?" என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். பிறகு பேணாட் எழுதினான்: லீனா நோர்வேஜிய மொழியில் அடித்தாள், பாமினி எழுத்தில் இப்படி வந்துவிட்டது. அம்மா அதை அழிக்க விடவில்லை.

லீனாவின் சட்டை தைத்து முடிந்தது. நான் தபாலில் போட்டேன். விலாசம் என் கையால் எழுதினேன், அவன் பார்ப்பான் என்று தெரிந்தும்.

13 ஏப்ரல், பெரிய வியாழன்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். ஊரடங்கு. கோயில் இல்லை.

பின்னேரம் நான்கு மணி ஆகவில்லை. சந்தையில் குண்டு வெடித்தது. பாமசியின் கண்ணாடி அலுமாரிகள் ஒன்றாக விழுந்தன. நான் கீழ்த் தட்டடியில் குந்தியிருந்ததால் தப்பினேன். வெளியே வந்தால் புகை, பிறகு பொல்லும் கத்தியுமாக ஆட்கள். கடைகளுக்கு நெருப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அன்ஸார். உள்ளே தள்ளி ஷட்டரை இறக்கினார். "தங்கச்சி, மேசைக்குக் கீழ இருங்கோ. சத்தம் காட்டாதைங்கோ." அவரும் பக்கத்தில் குந்தினார். அவர் தன் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார், நான் என் வாய்க்குள் மாதா மன்றாட்டு. ஒரு முறை ஷட்டரில் அடித்தார்கள். இரண்டாம் முறை அடிக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் பின்வளவு வேலிகளால் ஏறி ஏறி, என்னை வீட்டுப் படலை வரை கொண்டுவந்து விட்டார். தேநீர் குடியுங்கள் என்றேன். "பிள்ளைகள் தேடுவாங்கள்," என்று திரும்பி ஓடினார். அந்த நன்றியை எப்படி எழுதுவது. எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் கரண்ட் இல்லை. அம்மா முன்னறையில் நிலத்தில் இருந்தார். மடியில் போன். இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்திருந்தார். போன் அடித்துக்கொண்டிருந்தது.

அடிப்பது அம்மாவுக்குக் கேட்காது. ஆனால் அதிர்வது கைக்குத் தெரியும். என்னைப் பார்க்கவில்லை, நான் பின்னால் நின்றேன். அம்மா எடுத்துக் காதில் வைக்காமல் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேணாட், நீதானே? அக்கா இன்னும் வரேல்லை. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். திருப்பி எடு." வைத்தார். உடனே மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். "அக்கா இன்னும் வரேல்லை."

இரண்டு மணித்தியாலமாக இப்படித்தான். சந்தைச் செய்தியைப் பேணாட்தான் கொம்பியூட்டரில் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அதோடு கரண்ட் போய்விட்டது.

நான் முன்னால் போய் நின்றேன். அம்மா என் தலை, தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு அடிக்கிற போனை எடுத்து என் காதில் வைத்தார்.

"அம்மா, அவ வந்திட்டாவோ?" அவனுக்குத் தெரியும், அம்மாவுக்குக் கேட்காதென்று. இருந்தும் கேட்டிருக்கிறான்.

"நான்தான்," என்றேன்.

அந்தப் பக்கம் அவன் அழுதான். சின்ன வயதில் விழுந்தால் அழுவது போல, இழுத்து இழுத்து.

"அக்கா, நீ செத்துப் போனாய் எண்டு நினைச்சன்."

"இல்லையடா."

"நான் உன்னோடை கதைக்காம விட்டிட்டன். நாலு மாசம். நீ செத்திருந்தா?"

"அது நான் செய்ததுக்குத்தானே. நான் உனக்கு ஆறு வருசம்..."

"அதை விடு. இப்ப விடு. எங்கையாலும் காயமோ?"

ஓம், முழங்கையில் கண்ணாடி கீறியிருக்கிறது என்றேன். அதைக் கழுவு, கட்டு, இப்பவே போ என்று அதட்டினான். எத்தனையோ வருடம் அவன் போனில் அம்மாவைத்தான் கேட்பான், நானும் அம்மாவைப் பற்றித்தான் சொல்வேன். என்னைக் கேட்டு ஒரு நாளும் எடுத்ததில்லை. நேற்று எடுத்தது எனக்காக.

அம்மா எனக்கு நேரே இருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லையும் மறைக்காமல் பேசினேன்.

16 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். பூசைக்குப் போய் நன்மை எடுத்தேன்.

23 ஏப்ரல், ஞாயிறு

அன்ஸாரின் கடை தப்பிவிட்டது. அம்மா வட்டிலப்பம் செய்து, என்னோடு வந்து தன் கையால் கொடுத்தார். "உப்புப் பாத்துத்தான் செய்தனான், மாமியிட்டச் சொல்லும்," என்றார். அன்ஸார் அம்மாவுக்கு நேரே நின்று, மெதுவாக வாயைத் திறந்து, "இனிப்புக்கு உப்பு ஏன் அம்மா?" என்றார்.

14 மே, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை, காலை முழுக்கக் கிணற்றடி. பின்னேரம் கடல் பக்கம் இரண்டு முறை வெடிச் சத்தம். அம்மாவுக்குச் சொன்னேன். "கிட்டவோ?" என்றார். தூர என்றேன்.

ஆறு மணிக்கு அம்மா லைன் எடுத்தார். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த துவாயை வாங்கினார்.

"போ. உன்னைத்தான் கேக்கினம்."

திரையில் பேணாட்டும் ஹில்டேயும், நடுவில் லீனாவும். அம்மா தைத்த நீலச் சட்டை, கை கொஞ்சம் கட்டை. வளர்ந்துவிட்டாள். பேணாட் எழுதியிருந்தான்: இவள் உன்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். மாமி என்று சொல்லிக் கொடுத்தேன். தானே தமிழில் அடிக்க வேண்டுமாம். எழுத்துத் தேடுகிறாள், பொறு.

பொறுத்திருந்தேன். முதலில் ம வந்தது. நெடுநேரம் கழித்து அதன் கால். அம்மா துவாயை மடித்தபடி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது ம வர இன்னும் நேரம் எடுத்தது. எங்களுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.